தாருக்கடியில் வேறொரு இலக்கம்

கனகலிங்கத்தார் அந்த இலக்கத்தை மூன்று தரம் வாசித்தார். முதல் இரண்டு தரமும் கண்ணால். மூன்றாம் தரம் கண்ணில் நம்பிக்கை இல்லாமல், விரல் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். நெஞ்சின் மேல் விரித்து வைத்திருந்த கார்ப் பதிவுப் புத்தகத்தில் கடைசி நாலு இலக்கம் 7150. காரின் அடியில் ஓடும் இரும்புச் சட்டமான செசியில் குத்தியிருந்தது 2936.

காருக்கடியில் மல்லாந்து கிடந்தவர் அப்படியே கிடந்தார்.

கண்டாவளையில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டில் அது. அவர் அதைக் கராச் என்பார். தேத்தண்ணியோடு வந்த மனைவி இராசமலருக்கு இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. கூப்பிட்டாள், பதில் இல்லை. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு ஒரு காலைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா, உயிர் கிடக்கோ?"

"கிடக்கு."

"அப்ப ஏன் பறையாமல் கிடக்கிறியள்?"

"இது அண்ணையின்ர கார் இல்லை."

"பன்னிரண்டு வருஷம் எண்ணெய் மணந்து மணந்து மூளை பழுதாப் போச்சு" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள், அவர் ஊர்ந்து வெளியே வந்து எழும்பி இருந்தபோது முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். செத்த வீட்டுச் செய்தி கேட்டவனின் முகம் அது.

அண்ணை என்றால் நவரத்தினம். கரவெட்டியிலிருந்து ஐம்பத்துமூன்றாம் ஆண்டு இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றக் காணி கிடைத்துக் கண்டாவளைக்கு வந்த வேலுப்பிள்ளையின் மூத்த மகன். இடையில் மூன்று பெண்கள், கடைக்குட்டி கனகலிங்கம். வேலுப்பிள்ளை பாம்பு கடித்துச் செத்தபோது மூத்தவனுக்குப் பதினாறு, கடைசிக்கு ஏழு. அன்றையிலிருந்து நவரத்தினம்தான் அந்த வீட்டுக்குத் தகப்பன். குமுழமுனையில் சின்னத்துரையின் இரண்டாவது மகள் பரமேஸ்வரியைக் கட்டி முள்ளியவளையில் குடியிருந்து, சந்தியில் வாடகைக் கார் ஓட்டினார். ஒஸ்டின் ஏ-40, ஊர் வாயில் ஏ-போட்டி. வெள்ளைக்காரன் காலத்துக் கார், பானை வயிறு போல உருண்ட முன்பக்கம். அந்த ஓட்டத்தில்தான் மூன்று தங்கச்சிமாரும் கரை சேர்ந்தார்கள், தம்பி மெக்கானிக் வேலை படித்தான். யாரோ காரில் மறந்துவிட்டுப்போன ஒரு பழைய குடையைக் கொடுப்பதற்காக ஒட்டுசுட்டான் வரை போய் வந்த மனிதர் என்று அவரைப் பற்றி இன்றைக்கும் சொல்வார்கள்.

அவர் 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. கார் கிடைத்தது.

சண்டை முடிந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, புத்தகம் வைத்திருப்பவர்கள் வந்து தங்கள் வாகனத்தை அடையாளம் காட்டி எடுத்துப் போகலாம் என்று ஒரு கதை வந்தது. அண்ணையின் புத்தகத்தோடு கனகலிங்கத்தார் முள்ளிவாய்க்கால் வெளிக்குப் போய்ப் பார்த்தார். பஸ்சும் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் மலைமலையாகக் குவிந்து கறள் பிடித்துக் கிடந்தன. அந்தக் குவியலின் ஓரத்தில் கூரை நெளிந்து, கண்ணாடி ஒன்றும் இல்லாமல், டயர் எரிந்துபோய் நின்றது ஏ-போட்டி. பின்னால் தொங்கிய தகட்டில் ஈ.எல். 3186. அதைக் கண்டதும் அவர் தகட்டில் முகத்தை வைத்து அழுதுவிட்டார். செசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷ மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்று அந்த வெளியில் நின்ற சனம் முழுவதும் அப்படித்தான். நம்பர் பிளேட்டைக் கண்டவர்கள் அதைக் கட்டிப்பிடித்து அழுதார்களே ஒழிய, குனிந்து இரும்பைச் சுரண்டிப் பார்த்தவர் எவரும் இல்லை.

பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டிலில் இறக்கினார். அன்று தொடங்கியது அந்த வேலை.

பிஸ்டன் நாலும் இறுகிப் போயிருந்தன. டீசலும் பிரேக் எண்ணெயும் கலந்து ஊற்றி நாலு மாதம் காத்திருந்து தட்டிப் பார்த்தால், அடியில் வெடிப்பு. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பழைய ஒஸ்டின் எஞ்சினைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தார். அதைப் பூட்டி, பெயாரிங் எல்லாம் கிறீஸ் வைத்து முடித்த கிழமையில் பதினெட்டாம் ஆண்டு மார்கழி வெள்ளம். இரணைமடுத் தண்ணீர் இரவோடிரவாக வந்து ஸ்டியரிங் வரை நின்றது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் எஞ்சினுக்குள் சேறு, பின்சீற்றில் விரால் மீன் குஞ்சு. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார். பிறகு இருபத்திரண்டாம் ஆண்டு வந்தது. பெற்றோல் இல்லை, வெல்டிங் காஸ் இல்லை, பெயின்ற் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒன்றரை வருஷம் கார் சும்மா நின்றது. பின்சீற்றுச் சுருள்கம்பிக்குள் வீட்டுக்கோழி அடைகிடந்து ஒன்பது குஞ்சு பொரித்தது.

"கோழியாவது அதில ஒரு பிரயோசனம் கண்டிருக்கு" என்றாள் இராசமலர்.

இந்த வருஷம் வைகாசியில் எஞ்சின் ஸ்டார்ட் வந்தது. அவர் பக்கத்து வளவுக்காரர் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். மிஞ்சியது பிரேக்கும் கடதாசி வேலையும்தான். வாகனக் கடதாசி வேலை செய்கிற கிளிநொச்சிப் பிரசாந்தன், "அண்ணை, செசி நம்பர் மேல ஒரு பேப்பரை வைச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்துத் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று சொல்லியிருந்தான். அதற்காகத்தான் அன்று காலை காருக்கடியில் புகுந்தார்.

செசியில் தடித்த தார். அது வழக்கம், கல்லுத் தெறிக்காமல் பூசுவார்கள். தாரைச் சுரண்டினால் கீழே ஈயம். அதையும் சுரண்டினார். அந்த இடத்தில் ஈயம் உருக்கி ஊற்றுவதற்கு ஒரேயொரு காரணம்தான் உண்டு. குத்தியிருந்த இலக்கத்தை மறைப்பது; அது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

பிரசாந்தன் பின்னேரம் வந்து குனிந்து பார்த்தான். அவனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"இதென்ன அண்ணை. திரும்ப ஈயத்தை ஊத்தி, புத்தகத்தில இருக்கிற நம்பரை அடிச்சு விடுவம். எத்தினை வாகனம் உப்பிடி ஓடுது."

"முதல் இது ஆரின்ர நம்பர் எண்டு பாரும்."

"பாத்தால் பிறகு தெரியாதமாதிரி இருக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டன். பாரும்."

அப்படிச் சொன்னாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அண்ணை முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பார், விற்றவன்தான் சுத்துமாத்துச் செய்திருப்பான். அந்தப் பெயர் வந்தால் அண்ணையின் பேர் தப்பும். இரண்டு கிழமை அந்த நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனார், வந்தார். காரைத் தொடவில்லை.

பிரசாந்தன் தொலைபேசியில்தான் சொன்னான். "கொழும்பில பழைய பதிவில பேர் கிடக்கு அண்ணை. மீராசாகிபு. தண்ணீரூற்று, முள்ளியவளை."

கனகலிங்கத்தார் வரம்பில் இருந்துவிட்டார். ஈரமான வரம்பு. சாரம் நனைந்தது, அது அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியாத பேரா அது. முள்ளியவளைச் சந்தியில் இரண்டு ஏ-போட்டி அருகருகே நிற்கும். ஒன்று கறுப்பு, நவரத்தினத்தாருடையது. மற்றது பச்சை, அண்ணன் முறைக்கு நானா என்று எல்லாரும் கூப்பிடும் மீராசாகிபுவுடையது. ஒன்றுக்கு உதிரிப்பாகம் இல்லையென்றால் மற்றதிலிருந்து கழற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வேலை பழகிய காலத்தில் கனகலிங்கத்தார் அந்தப் பச்சைக் காருக்கடியிலும் கிடந்தவர்தான். நானா பிளாஸ்கில் கொண்டுவரும் இஞ்சித் தேத்தண்ணியில் பாதி அவருக்கு.

தொண்ணூறாம் ஆண்டு ஆடியில் பொம்பர் விமானம் குண்டு போட்டதில் அண்ணையின் கார் அகப்பட்டது என்று கண்டாவளைக்குச் செய்தி வந்தது. ஐப்பசியில் முஸ்லிம் சனத்தை, அப்போது அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்த இயக்கம் வெளியேறச் சொன்னது. உடுத்த உடுப்போடு புத்தளம் போனார்கள். தைப்பொங்கலுக்கு அண்ணை தம்பி வீட்டுக்கு வந்தபோது புதுக் கறுப்புப் பெயின்ற் மினுங்கும் ஏ-போட்டியில் வந்து இறங்கினார். "சின்னச் சேதம்தான், டிங்கர் போட்டுச் சரிப்பண்ணியாச்சு" என்றார். கனகலிங்கத்தார் அந்தப் பெயின்ற் வேலையை மெச்சி, கையால் தடவிப் பார்த்தது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்தநாள் விடிய முதல் பஸ்ஸில் செட்டிகுளம் போனார். அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அங்கே மகளோடு இருக்கிறா. வயது எழுபத்திரண்டு. விறாந்தையில் சுளகோடு இருந்து அரிசியில் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தா.

"வாங்கோ தம்பி. என்ன சொல்லாமல் கொள்ளாமல்? சாப்பிட்டியளோ?"

"சாப்பிட்டன் மச்சாள். அண்ணையின்ர கார் மீராசாகிபு நானாவின்ர கார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சுளகில் போன கை நின்றது. பிறகு திரும்பப் பொறுக்கத் தொடங்கியது.

"உதை ஏன் இப்ப கிளறுறியள்."

பஸ்ஸில் வந்த நாலு மணித்தியாலமும் அவர் எதிர்பார்த்து வந்த பதில், "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்" என்பதுதான். அது வரவில்லை.

"தெரியுமோ எண்டு கேட்டனான் மச்சாள்."

"நாலு பிள்ளையள் தம்பி. கார் எரிஞ்ச கையோட மூண்டு மாசம் மற்றாக்களின்ர வளவில மரவள்ளி கிண்டித் திண்டனாங்கள். அந்தாள் போகேக்க திறப்பைக் காருக்குள்ளயே விட்டிட்டுப் போனவர். நாங்கள் எடுக்காட்டி வேற ஆரோ எடுத்திருப்பினம்."

"பாத்துக்கொள்ளச் சொல்லித் தந்தவரோ?"

"ஒரு சொல்லும் சொல்லேல்ல. பெண்டில் பிள்ளையளோட எங்கட படலையைப் பாத்துப் பாத்து நடந்து போனவர். இவர் உள்ளுக்குத்தான் நிண்டவர். வெளியில வரேல்ல." கொஞ்ச நேரம் கல்லுப் பொறுக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "உங்களுக்குக் கலியாணம் முடிச்சுப் பொம்பிளை மாப்பிளையை ஏத்திக்கொண்டு வந்ததும் அந்தக் கார்தான். அப்ப இனித்தது."

வீட்டுக்கு வந்து அதை இராசமலரிடம் சொன்னபோது அவள் குசினி வாசலில் நின்றபடி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப முப்பத்திரண்டு வருஷமா ஆரின்ர காரில வந்தனான் எண்டு தெரியாமல் இருந்திருக்கிறன்." பிறகு கேட்டாள்: "அந்தாள் இருக்கிறாரோ?"

"திரும்பி வந்து நீராவிப்பிட்டியில இருக்கிறாராம். எண்பது வயது."

"போய்ச் சொல்லுங்கோ."

"அண்ணையைக் கள்ளன் எண்டு நான் என்ர வாயாலயோ போய்ச் சொல்லுறது?"

அவர் மூன்று நாள் கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஈயத்தைத் திரும்ப ஊற்ற அரை மணித்தியாலம் போதும். ஊற்றினால் அண்ணையின் பேர் தாருக்குள் பத்திரமாகக் கிடக்கும். நாலாம் நாள் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு நீராவிப்பிட்டிக்கு வெளிக்கிட்டார்.

கதவைத் திறந்தவள் மீராசாகிபுவின் மகள் கைருன்னிஸா. ஊரைவிட்டுப் போகும்போது பத்து வயதுப் பிள்ளை, இப்போது முக்காட்டுக்குள் நரை. கிழவர் முன்னறையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. "நானா, சுகமோ?" என்று இவர் கேட்டதும் தலையைச் சரித்தார்.

"நவரத்தினத்தின்ட தம்பி. உன்ட குரல் அவன்ட குரல்தான்."

இருக்கச் சொல்வதற்கு முன்பே கனகலிங்கத்தார் சொல்லிவிட்டார். இருந்தால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பயம். "நானா, உங்கட கார் என்னட்டக் கிடக்கு."

"எந்தக் கார்?"

"பச்சை ஏ-போட்டி. அண்ணை கறுப்படிச்சு, தன்ர நம்பரைப் போட்டு ஓடியிருக்கிறார். எனக்கு இப்பதான் தெரியும்."

"எனக்கு ரெண்டாயிரத்திரண்டில தெரியும்" என்றார் கிழவர்.

கனகலிங்கத்தார் கதிரையைத் தேடிப்பிடித்து இருந்தார்.

"சண்டை நிண்டு பாதை திறந்தவுடன நாங்க கொஞ்சப் பேர் வேனில வீடு பாக்க வந்தம். வீடு எங்க, சுவர்தான். அப்ப சந்தியில ஒரு கார் நிண்டிச்சு. நவரத்தினம் ஓட்டுறான், ஏறிக் கதைப்பம் எண்டு பின்சீற்றில ஏறினன். ஏறிக் கதவைச் சாத்தின சத்தத்திலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அண்ணை உங்களைக் கண்டவரோ?"

"முன்கண்ணாடிக்குள்ளால கண்டவன். எங்க போகவேணும் எண்டு கேட்டான். ஆரோ தெரியாத ஆளைக் கேக்கிறமாதிரி. பள்ளிவாசலடி எண்டன். அவ்வளவு தூரமும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. இறங்கிக் காசை நீட்டினன். வாங்கமாட்டான் எண்டுதான் நீட்டினன் தம்பி."

"வாங்கினவரோ?"

"வாங்கி, மிச்சமும் தந்தான்."

கைருன்னிஸா நீட்டிய தேத்தண்ணியைக் கனகலிங்கத்தார் காணவில்லை. அவள் மெல்லக் கோப்பையை ஸ்ரூலில் வைத்தாள். மறந்துபோன குடைக்கு ஒட்டுசுட்டான் வரை போன மனிதர். ஒரு மனிதனை அவனுடைய காரிலேயே ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, மிச்சக்காசும் எண்ணிக் கொடுத்திருக்கிறார். பரமேஸ்வரி மச்சாள் சொன்னபோதுகூட அவர் ஒரு மூலையில் அண்ணைக்காகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். இப்போது தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"இப்ப எங்க இருக்கிறான்? கனடாவோ?" என்று கிழவர் கேட்டார். "நாங்க திரும்பி வந்து பதின்மூண்டு வருஷம். ஒருநாளும் இந்தப் படலைக்கு வரேல்ல."

கனகலிங்கத்தாருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. கைருன்னிஸாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"அண்ணை இல்லை நானா. ஒன்பதாம் ஆண்டு முள்ளிவாய்க்காலில."

கிழவர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் வாப்பா. அந்தப் பேரை இந்த வீட்டில எடுக்கக்கூடாது எண்டு நீங்கதானே சொன்ன."

கிழவரின் வாய் மட்டும் அசைந்தது. பேசியபோது அது இவர்களுக்குச் சொன்னதுபோல இல்லை.

"ஒவ்வொரு நாளும் தொழுதிட்டு எழும்பேக்க ஏசினனான். ஒருநாள் தவறாம. பதினஞ்சு வருஷமா மௌத்தான மனிசனையோ நான் ஏசிக்கொண்டு இருந்தன்?"

கைருன்னிஸா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் யாரையும் தேற்றவில்லை. பிறகு கிழவர், "எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். கனகலிங்கத்தார் தெரிந்ததைச் சொன்னார். மாசி தொடக்கம் அந்தக் காரில் காயப்பட்ட சனத்தைத்தான் அண்ணை ஏற்றினார். ஓடியது மண்ணெண்ணெயில். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல். சித்திரைக் கடைசியில் ஆட்களை இறக்கிவிட்டுக் காரடிக்குத் திரும்பி வந்தவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

"கார் கிடைச்சது, ஆள் கிடைக்கேல்ல?"

"ஓம் நானா."

அடுத்த கிழமை பிரசாந்தனின் லொறியில் காரை ஏற்றிக் கொண்டுபோய் நீராவிப்பிட்டியில் இறக்கினார்கள். பிரேக் வேலையை முடித்து, நம்பர் பிளேட்டைக் கனகலிங்கத்தார் கழற்றியிருந்தார். பெயின்ற் அடிக்கவில்லை. புதிதாகச் சுரண்டிய இடங்களில் கறுப்புக்குக் கீழே பச்சை தெரிந்தது. ஒழுங்கைச் சனம் கூடி நின்று பார்த்தது. கைருன்னிஸா வாப்பாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். கிழவர் கதவைத் திறந்து, ஓட்டுற சீற்றில் ஏறி இருந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார்.

கனகலிங்கத்தார் திறப்பைக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷ உழைப்பு கையை விட்டுப் போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே கிடந்தது வேறு. யன்னலடியில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"நானா, அண்ணை கள்ளன்தானே?"

"கள்ளன்தான்."

அவ்வளவு நேராக வரும் என்று அவர் நினைக்கவில்லை. யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கூட இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எடுத்தவன்" என்றார் கிழவர். "அதை நான் சொல்லுவன். என்ட கார், என்ட வாய். ஆனா இந்த ஒழுங்கையில, சந்தியில, வேற ஒருத்தன் அந்தச் சொல்லைச் சொன்னான் எண்டு கேள்விப்பட்டா எனக்கு வந்து சொல்லு. நீயும் சொல்லாத. விளங்கிச்சா?"

கனகலிங்கத்தார் தலையை ஆட்டினார். விளங்கியதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

கிழவர் திறப்பைப் போட்டார். துவாரம் கண்ணுக்குப் பிடிபடாமல் மூன்றாம் தரம்தான் போனது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கைருன்னிஸா கார் முன்னால் ஓடிவந்து, "வாப்பா, உங்களுக்குக் கண் தெரியாது, இறங்குங்க" என்றாள்.

"நான் ஓட்டப்போறேல்ல பிள்ளை. இவன் ஓட்டுவான்" என்று சொல்லிக்கொண்டே கிழவர் இறங்கி, காரைப் பிடித்துப் பிடித்து மறுபக்கம் போய், முன்சீற்றில் ஏறி இருந்தார். பின்சீற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க நானா?" என்று கனகலிங்கத்தார் கேட்டார். நம்பர் இல்லாத காரைத் தெருவில் ஏற்ற முடியாது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

"அவனைக் கடைசியாக் கண்ட இடம் எண்டியே. அதுக்கு."

"சரியான இடம் எனக்கும் தெரியாது நானா."

"கிட்டப் போவம்" என்றார் கிழவர்.